கண்ணாடிக் கதவு முன் நிற்கப்போகும் பாட்டி தாத்தாக்களுக்கு

பேரன் பேத்தியைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறப்போகும் அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும்,

போன மாதம் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் பெட்டி கட்டினார்கள். மூன்று வீட்டு அம்மாக்களும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, அங்க இறங்கினதும் ஏதோ கண்ணாடிக் கதவு இருக்காமே, ஆளே இருக்க மாட்டாங்களாமே, அது என்ன பண்ணும்?" பருப்புப்பொடி எத்தனை கிலோ, பிரசவ மருந்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இந்தக் கதவு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கத்து அஞ்சலகங்களில் சேமிப்புக் கணக்குப் பிரிவில் 31 வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள். மகள் சிங்கப்பூரில், மகன் லண்டனில். எங்கள் வீட்டுக்காரரும் நானும் மாறி மாறி இரண்டு பக்கமும் போய் வருகிறோம். கணினிப் படிப்பு எதுவும் எனக்குக் கிடையாது. ஆனால் இந்தக் கதவு பார்க்கிற வேலையை நான் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

பணம் எடுக்க வருகிறவர் படிவத்தில் கையெழுத்துப் போடுவார். நான் அவருடைய மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கணக்கில் தடை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பேரேட்டைப் புரட்டுவேன். எல்லாம் சரியென்றால் பணம். இமிகிரேஷனில் நிற்கும் அந்தக் கதவும் அவ்வளவுதான் செய்கிறது. பாஸ்போர்ட்டைப் படிக்கும். எதிரே நிற்கிற முகமும் பதிவில் உள்ள முகமும் ஒன்றா என்று பார்க்கும். இந்த ஆளை உள்ளே விடத் தடை உண்டா என்று கணினியில் தேடும். முடிந்தது. உங்களுக்கு இங்கிலீஷ் வருமா, புடவைதான் கட்டுவீர்களா, மருமகனோடு ஒத்துப்போவீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தேவையும் இல்லை.

பெரும்பாலும் இரட்டைக் கதவாக இருக்கும். முதல் கதவுக்கு முன்னால் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். கதவு திறக்கும். உள்ளே போனால் பின்னால் மூடிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவை, "ஏய், மாட்டிக்கிட்டேன்டி" என்று கத்தினார். மாட்டவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தரையில் பாதச் சுவடு வரைந்திருந்தால் அதன்மேல் நின்று, கண்ணாடியையும் குல்லாவையும் கழற்றி, தலையில் முக்காடு இருந்தால் நெற்றிக்கு மேலே தள்ளி, எதிரே உள்ள திரையைப் பாருங்கள். திரையைத்தான், உங்கள் பைக்குள் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க அது நேரமில்லை. இரண்டாவது கதவு திறக்கும். கைப்பையை முதுகில் மாட்டாமல் முன்னால் அணைத்துப் பிடியுங்கள். பின்னால் துருத்தும் பையை இன்னொரு ஆள் என்று நினைத்துக்கொள்ளும் கதவுகளும் உண்டு.

பாஸ்போர்ட்டைப் படிக்கும் என்றேனே, எதைப் படிக்கும்? உங்கள் படம் இருக்கும் பக்கத்தின் அடியில், அம்புமுனை மாதிரிக் குறிகளோடு இரண்டு வரி கிடக்கும். வரிக்கு 44 எழுத்து. நாடு, பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எதுவரை செல்லும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். நடுநடுவே சரிபார்ப்பு இலக்கம் ஒன்று வரும். எண்களை 7, 3, 1 என்று வரிசையாக மாற்றி மாற்றிப் பெருக்கி, கூட்டி, 10-ஆல் வகுத்தால் வருகிற மீதி அது. எண்ணில் ஓர் இலக்கத்தை இயந்திரம் தப்பாகப் படித்தாலும் மீதி உதைக்கும். மகன் இதைச் சொன்னபோது எனக்கு ஒரே குதூகலம். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது மூன்று ரூபாய் உதைத்து, அதைத் தேடி இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இந்த மீதியின் அருமை தெரியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்ததும் சாமி படத்தின் முன்னால் வைத்து நாலு மூலைக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பது நம் வழக்கம். வையுங்கள், ஆனால் அது வந்த ஸ்பீடு போஸ்ட் உறைக்கு வையுங்கள். எங்கள் சொந்தத்தில் ஓர் அம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்த 44 எழுத்தின் கடைசி நாலைந்தின்மேல் குங்குமம் ஈஷிக்கிடந்தது. எந்தக் கதவும் அதைப் படிக்கவில்லை. எண்ணெய்க் கையால் புரட்டுவதும், பிளாஸ்டிக் உறை போட்டு அப்படியே கண்ணாடிமேல் வைப்பதும் அதே வகை.

பெயர் விஷயம் இன்னொரு தலைவலி. உலகம் முழுக்கப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன, நம்மிடம் இருப்பதோ இனிஷியல். சிலருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. அந்தச் சில நாள்களில் தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனை பேர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. டிக்கெட், விசா, வருகை அட்டை எதுவானாலும், பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரைப் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவசரத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைத் தட்டிவிடுவார்கள். டிக்கெட் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கதவு திறக்காவிட்டால்?

எனக்கு ஒருமுறை திறக்கவில்லை. எந்த ஊர் என்பது வேண்டாம். திரையில் சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது. முகத்தை நேராக வைத்தேன், மறுபடி சிவப்பு. விரலை வைக்கச் சொன்னது, வைத்தேன், துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்புத்தான். பின்னால் நாற்பது பேர். முதுகில் அத்தனை கண்ணும் குத்துகிற மாதிரி இருந்தது. என்ன தப்புச் செய்தேன், விசாவில் கோளாறா, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று உள்ளங்கை வேர்த்து, அந்த வேர்வையில் விரல்ரேகை இன்னும் மோசமாகியிருக்கும். ஓர் ஊழியர் வந்து கையைக் காட்டி, ஆள் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டருக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்த பெண் என் முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், எத்தனை நாள் என்று கேட்டார், அனுப்பிவிட்டார். மொத்தமே ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு தாத்தா. 1990-களில் ஒரு கிளையில் என் கவுன்ட்டருக்கு மாதம் ஒருமுறை வருவார். ஒரு மாதம் அவர் போட்ட கையெழுத்து அட்டையோடு ஒட்டவே இல்லை. பக்கவாதம் வந்து கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "ஒத்துப்போகலை, மறுபடி போடுங்க" என்றேன். போட்டார். "ஒத்துப்போகலை." மூன்றாவது தடவை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நான்தாம்மா அது" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் இரண்டு சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கிப் பணம் கொடுத்தோம். விதிப்படி நான் செய்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்குச் சிவப்பு விளக்கின் முன்னால்தான் முழுசாகக் கேட்டது.

ஒப்பிடுகிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். ஒப்பிடுவதில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். தப்பான ஆளைச் சரியென்று விடலாம்; சரியான ஆளைத் தப்பென்று நிறுத்தலாம். முதல் தப்பு நடக்கவே கூடாது என்று கறாராக இருந்தால் இரண்டாவது கொஞ்சம் கூடத்தான் செய்யும். நாங்கள் கறாராக இருந்தது வேறு யாரும் உங்கள் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. கதவும், உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வேறொரு பெண் நுழைந்துவிடக் கூடாது என்று கறாராக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் அதற்கு "யாரென்று எனக்குத் தெரியவில்லை, ஆளிடம் போ" என்று சொல்ல மட்டுமே தெரியும். சிவப்பு விளக்கின் பொருள் பெரும்பாலும் அதுதான். விசா ரத்தும் இல்லை, விசாரணையும் இல்லை.

சிவப்பு விழக் காரணமும் பெரும்பாலும் நம் உடம்புதான். ரேஷன் கடையில் கைரேகை விழாமல், கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறோமே, அதே கதை. அறுபது தாண்டினால் தோல் உலர்ந்து ரேகை மங்குகிறது. பாத்திரம் தேய்த்த கை, கொத்து வேலை பார்த்த கை, களை பறித்த கை என்றால் இன்னும் மங்கல். நம் ரேஷன் கடைகளில் கருவிழிப் பதிவு வந்தது இதனால்தான். சிங்கப்பூரும் 2020-ல் கைரேகையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கருவிழியையும் முகத்தையும் முன்னால் வைத்தது. தழும்பு, முதுமை, உலர்ந்த தோல் உள்ளவர்களுக்குக் கைரேகை சரிப்படவில்லை என்று அவர்களே காரணமும் சொன்னார்கள். ரேகை மங்கியவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

இனி ஊர் ஊராக.

கிளம்பும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் நாட்டிலும் இந்தக் கதவு வந்துவிட்டது. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் சென்னைக்கும், அதே வருடம் செப்டம்பரில் நம் திருச்சிக்கும் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உரியது. கட்டணம் இல்லை. ஆனால் நேரே போய்க் கதவு முன் நின்றால் திறக்காது. முன்கூட்டி இணையத்தில் விண்ணப்பித்து, அதிகாரிகள் சரிபார்த்த பிறகு கைரேகையும் முகமும் பதிய வேண்டும். விமான நிலையத்திலேயே பதியலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அத்தோடு சரி. விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும். சரிபார்க்க நாள் பிடிக்கும், டிக்கெட் போட்ட கையோடு பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இதில் என் சொந்தக் கருத்து: வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு இது வசதி. ஒரே ஒரு பிரசவத்துக்குப் போய் வருகிறவர்கள் இதற்காக அலைய வேண்டாம். கைரேகையும் முகமும் சர்க்கார் கணினியில் இன்னொரு இடத்தில் ஏற வேண்டாம் என்று நினைப்பவர்களும் தாராளமாக விட்டுவிடலாம். பதிவது நம் விருப்பம்தான், கவுன்ட்டர் எங்கும் போகவில்லை.

சிங்கப்பூர் வேறு மாதிரி. 2024 மே மாதத்திலிருந்து எந்த நாட்டுப் பயணியும், முதல் தடவை வருகிறவர்கூட, முன்பதிவு இல்லாமல் சாங்கி விமான நிலையத்தில் தானியங்கி வழியாக உள்ளே போகலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அது இலவசம். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிப் பணம் கறக்கும் தளங்கள் உண்டு; காசு கேட்டால் அது தப்பான இடம். சாங்கியில் வழிகாட்டும் பலகைகளில் தமிழும் இருக்கும். அந்த ஊர்த் தமிழில் பாஸ்போர்ட் 'கடப்பிதழ்', இமிகிரேஷன் 'குடிநுழைவு'. கேட்கவே அழகாக இருக்கிறது; நாம் ஏன் இதையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு பயணத்திலும் நினைப்பேன்.

அங்கே பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை குத்துவதை 2020 டிசம்பரிலிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விசா இரண்டு வருடத்துக்கு இருக்கிறது என்றால் இரண்டு வருடம் தங்கலாம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு முறை நுழையும்போதும் தரும் நாள் கணக்குத்தான் கணக்கு. அதனால் வருகை அட்டையில் நீங்களோ மகளோ தினமும் திறந்து பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். டிராவல்ஸ்காரருடைய மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம். நாள் கணக்கு வந்ததும் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். குழந்தை பிறந்த வீட்டில் நாள் போவது தெரியாது.

முத்திரை போனதில் எனக்கு வருத்தம்தான். நாள் முழுக்க முத்திரை குத்திக் காய்த்த கை இது. தேதி தெளிவாக விழவில்லையென்றால் போஸ்ட்மாஸ்டர் திட்டுவார். பழைய பாஸ்போர்ட்டை எடுத்தால் 2013-ல் மகள் பிரசவத்துக்குப் போனது எந்தத் தேதி என்று தெரிகிறது. இப்போதைய பாஸ்போர்ட்டில் பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. எங்கும் போகாதவள் மாதிரி.

லண்டனுக்கு வருவோம். இங்கிலாந்துக்காரர்கள் 2008-லேயே மான்செஸ்டர் விமான நிலையத்தில் முகம் பார்க்கும் கதவைச் சோதித்துப் பார்த்தவர்கள். இப்போது பெரிய விமான நிலையங்களில் எல்லாம் வரிசை வரிசையாக இருக்கின்றன. நமக்குத்தான் இல்லை. அவர்களுடைய குடிமக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தார், சுவிட்சர்லாந்துக்காரர்கள், 2019 மே முதல் ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், நியூசிலாந்து, சிங்கப்பூர், தென்கொரியா, அமெரிக்கா என்று ஒரு பட்டியல் உண்டு. இந்தியாவும் இலங்கையும் நான் போனபோது அதில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த ஓர் அம்மா வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். அவருக்கும் இதே நிலைமை.

அந்தத் தடவை விடுமுறைக்கு ஊருக்கு வந்த மகனும் பேத்தியும் எங்களோடேதான் திரும்பினார்கள். அவனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பேத்திக்குப் பதினொன்று முடிந்திருந்தது. 2023 ஜூலையிலேயே பத்து வயதானால் கதவு வழியாகப் போகலாம் என்று ஆகியிருந்தது. "நானும் உங்க கூட இந்த வரிசையிலேயே நிக்கிறேன்" என்றான். குழந்தை தூக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தாள், நான்தான் போகச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஒரே விமானம், ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. முகம் பார்க்கும் கதவு என்கிறார்கள், ஆனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அட்டையின் நிறத்தைப் பார்த்துவிடுகிறது. இதில் இயந்திரத்தைக் கோபித்துப் பயனில்லை, பட்டியல் போட்டவர்கள் மனிதர்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது, லண்டன் போகிறவர்கள் இறங்குவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், சர்க்கரை உள்ளவர்கள் கையில் இரண்டு பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். அதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

கவுன்ட்டரில் ஆள் கேட்கும் கேள்விக்குப் பதிலை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள், கதவு உள்ள ஊர் என்றாலும். யார் வீட்டுக்கு, எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே, மூன்றே கேள்விதான். மகள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் இருக்காது. கதவும் எப்போதும் கைகொடுக்காது: 2024 மே 7 அன்று ராத்திரி இங்கிலாந்து முழுக்க அந்தக் கதவுகள் ஒரேயடியாக நின்றுபோயின. கதவை நம்பி வந்த அத்தனை பேரும் மணிக்கணக்கில் நின்று, கடைசியில் ஆள் பார்த்துத்தான் வெளியே வந்தார்கள். அன்றைக்கு மட்டும் எல்லா அட்டைக்கும் ஒரே வரிசை என்று மகன் போனில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பெட்டி கட்டும் வேலை பாக்கி இருக்கும், போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் அஞ்சலக எழுத்தர்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பி.கு.: பயணம் நல்லபடியாக அமைய வேண்டிக்கொண்டு சமயபுரத்தில் மொட்டை போட்டால் கதவு அடையாளம் கண்டுகொள்ளுமா என்று இரண்டாம் வீட்டு அண்ணன் கேட்டிருந்தார். அது கண், மூக்கு, வாய் உள்ள முகப் பகுதியைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. முடியைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எங்கள் வீட்டுக்காரர் போன முறை மொட்டையோடுதான் போனார், கதவு உடனே திறந்தது. வெளியே காத்திருந்த பேரனுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை, அழுதுவிட்டான்.